குச்சிப்பூச்சியின் பாதத்தைப் பார்த்து வகை பிரிப்பது எப்படி

என் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே ஆல்கஹாலில் மிதப்பது ஒரே ஒரு கால். குச்சிப்பூச்சிகளை வகைப்படுத்த நான் இறங்கிய முதல் வருடம், இந்தக் கால் என்னை மூன்று வாரம் படுத்தி எடுத்தது. பாதத்தில் எண்ணினால் நான்கு கணுக்கள்தான். குச்சிப்பூச்சிகளுக்கு ஐந்து இருக்க வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம் வாழும் டைமிமா என்ற பேரினத்துக்கு மட்டும் மூன்று. நான்கு என்றால்? புதுசாக ஏதோ கையில் சிக்கிவிட்டது என்று படம் வரைந்து, அளவெடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு நீளமாகக் கடிதமும் எழுதிவிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மற்ற ஐந்து கால்களையும் எண்ணினீர்களா?"

எண்ணவில்லை. போய் எண்ணினேன். ஐந்திலும் ஐந்து கணுக்கள். அந்த ஒரு கால் மட்டும் குஞ்சாக இருந்தபோது உதிர்ந்து, திரும்ப முளைத்தது. குச்சிப்பூச்சிக்கு முளைக்கும் மறுகாலில் நான்கு கணுக்களே வரும். காலைப் படிக்க உட்காரும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: ஆறு கால்களையும் பாருங்கள். மறுகால் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் குட்டையாக, மெலிந்து இருக்கும். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்து இணையோடு வைத்துப் பாருங்கள், காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பாதத்துக்கு வருவோம். தொடை, அதன் கீழே நீண்ட டிபியா, அதற்கும் கீழே கணுக்கணுவாக வருவது டார்சஸ். நான் பாதம் என்று சொல்வது இந்த டார்சஸைத்தான். நுனியில் இரண்டு நகங்கள். நகங்களுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கும், அது அரோலியம். கணுக்களின் அடிப்பக்கம் உள்ள சின்னச் சின்ன மெத்தைகள் யூப்ளான்டுலா. நம் காலோடு ஒப்பிட்டால் அரோலியம் விரல் நுனி, யூப்ளான்டுலா குதிகால். இந்த ஒப்பீடு வேலையிலும் பொருந்தும். காராசியஸ் மோரோசஸ் என்ற இனத்தில் லபோன்டே, ஃபெடர்லே என்ற ஆய்வாளர்கள் 2013-ல் காட்டியது இது: குதிகால் மெத்தை, எடை அழுத்தும்போது வழுக்காமல் உராய்ந்து நிற்பதற்கு, விரல் மெத்தை, இழுக்கும்போது ஒட்டிப் பிடிப்பதற்கு. உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் வளரும் இந்தப் பூச்சி, 1901-ல் தெ சினெட்டி விவரித்த, கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர்க்காரி. 'காரி' என்று தெரிந்துதான் சொல்கிறேன். வளர்ப்பில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள், ஆண் இல்லாமலே முட்டையிடுபவை.

உயிரோடு இருக்கும் பூச்சியில் இருந்து தொடங்குங்கள். கொல்ல வேண்டிய அவசியம் இல்லை, கொன்றால் பாதி விஷயம் போய்விடும். சுத்தமான கண்ணாடித் தட்டு ஒன்றில் பூச்சியை விட்டு, தட்டைத் தூக்கி அடியிலிருந்து பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிற்கும்போது எந்த மெத்தை கண்ணாடியைத் தொடுகிறது என்று தெரியும். தொட்ட இடமும் தொடாத இடமும் வெளிச்சத்தில் வேறு வேறு சாயலில் இருக்கும். அப்புறம் தட்டை மெதுவாகக் கவிழ்த்துப் பூச்சியைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். குதிகால் மெத்தைகள் ஒவ்வொன்றாக விடுபடும், அரோலியம் மட்டும் அப்பிக்கொண்டு நிற்கும். தட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் அதே பூச்சியின் மேல்கால்களும் கீழ்கால்களும் வேறு வேறு மெத்தைகளைப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் மெத்தையின் எல்லை எதுவரை, எந்தக் கணுவில் பெரிது, எதில் சிறிது என்பதை செத்த மாதிரியைவிட இது தெளிவாகக் காட்டும்.

சும்மா இருக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம்.

கண்ணாடியில் பார்த்தபின் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் நாற்பது மடங்கில் வைத்துக் குறிப்பெடுங்கள். எத்தனை கணுக்கள், எந்தெந்தக் கணுவில் யூப்ளான்டுலா இருக்கிறது, அது ஒரே மெத்தையா, நடுவே பிளந்து இரட்டையாக இருக்கிறதா, முதல் கணுவின் நீளம் மற்ற கணுக்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு, அரோலியம் நகத்தைவிடப் பெரிதா சிறிதா. நகத்தையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் நகம் வெறும் வளைந்த கொக்கிதான். ஆனால் ஆஸ்கிபாஸ்மாடிடே குடும்பத்தில் பலவற்றுக்கு நகத்தின் உள்விளிம்பு சீப்புப் பல் மாதிரி இருக்கும். முதன்முதல் அதைப் பார்த்தபோது நகத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நினைத்து, தூரிகையால் கால் மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன். சீப்பு நகம் கண்ணில் பட்டால் தேடும் வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். லென்ஸிலேயே தெரியும் அடையாளங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே காலையே ஒப்பிடுங்கள். நான் இடது நடுக்காலை எடுத்துக்கொள்வேன், அது இல்லாவிட்டால் வலது நடுக்கால். ஒரு இனத்தின் முன்காலையும் இன்னொன்றின் பின்காலையும் வைத்து "வித்தியாசம் இருக்கிறது" என்று எழுதிய அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது கால்களின் வித்தியாசமா, இனங்களின் வித்தியாசமா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சரி, இதுவரை எல்லாம் சுலபம். மெத்தையின் மேற்பரப்பில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது, அது லென்ஸுக்கு எட்டாது. அங்கிருக்கும் மொட்டு, முள், வரி போன்ற அமைப்புகள் சில மைக்ரோமீட்டர் அளவு. ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். சொந்தமாக யாரிடமும் இருக்காது. நேரம் வாங்கிக்கொண்டு போய் உட்காருவதுதான் வழக்கம். அதனால் மாதிரியைக் கெடுக்காமல் கொண்டுபோவதில்தான் பாதி வேலை.

கெடுப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை, பாதத்தை வெட்டி, காற்றில் உலர்த்தி, ஒட்டி, தங்கம் பூசி, உள்ளே வைத்தேன். திரையில் அழகான வரிவரியான மேடுகள்! ஒரு நாள் முழுக்க மேடுகளின் இடைவெளியை அளந்தேன். பிறகு அதே இனத்தை ஒழுங்காக உலர்த்திப் பார்த்தபோது மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. நான் அளந்தது வற்றிப்போன மெத்தையின் சுருக்கங்கள். இந்த மெத்தைகள் மிருதுவானவை, உள்ளே ஈரம் நிறைந்தவை. காற்றில் உலர்ந்தால் திராட்சைப் பழம் உலர்ந்த கதைதான்.

ஆகவே முறை இது. டிபியாவின் நுனியோடு சேர்த்துப் பாதத்தை வெட்டுங்கள். 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். அழுக்கு இருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் சில வினாடிகள், அதற்குமேல் வேண்டாம். பிறகு 80, 90, 95 என்று ஏற்றி, 100 சதவீதத்தில் இரண்டு தடவை, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். அங்கிருந்து திரவக் கார்பன் டை ஆக்சைடை வைத்து உலர்த்தும் கருவிக்குப் போக வேண்டும். கிரிட்டிகல் பாயின்ட் டிரையர் என்பார்கள். அதில் திரவம் வாயுவாகும்போது மேற்பரப்பு இழுவிசை இருக்காது, அதனால் மெத்தை சுருங்காது. உலர்ந்த பாதத்தை அடிப்பக்கம் மேலே வரும்படி கார்பன் டேப்பில் ஒட்டுங்கள். மேலே தங்கம்-பல்லேடியம் பூச்சு, சுமார் 10 நானோமீட்டர். தடிமனாகப் பூசினால் சின்ன முட்களின் இடுக்குகள் அடைந்துவிடும்.

முதலில் நூறு மடங்குக்குள் பாதம் முழுவதையும் ஒரு படம். அப்புறம் ஒவ்வொரு மெத்தையின் நடுவிலும் இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் மடங்கில். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் விட்டத்தையும் நெருக்கத்தையும் அளக்கலாம், உயரத்தை அளக்க முடியாது. அதற்கு மேடையைச் சாய்த்து எடுக்க வேண்டும், அல்லது மெத்தையின் ஓரத்தில் முட்கள் பக்கவாட்டில் தெரியும் இடம் தேட வேண்டும். நேரம் முடிந்து வெளியே வந்தபின் "ஐயோ, சாய்த்து எடுக்கவில்லையே" என்று தலையில் கை வைப்பது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். எனக்கு மூன்று தடவை.

காலை வெட்ட மனம் வராதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உரித்த தோல். பூச்சி தோலுரிக்கும்போது பாதத்தின் வெளித்தோலும் சேர்ந்தே கழன்று வரும், மேற்பரப்பின் அமைப்போடு. சிக்கல் என்னவென்றால், உரித்த கையோடு அதைத் தின்றுவிடும் பழக்கம் பலவற்றுக்கு உண்டு. இரவில் முந்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் சிலிக்கோன். குளிரவைத்த பூச்சியின் பாதத்தில் அதை அழுத்தி எடுத்து, அச்சுக்குள் எபாக்சி ஊற்றினால் நகல் கிடைக்கும். வழுவழுப்பான மெத்தைக்கும் தாழ்வான மேடுகளுக்கும் இது நன்றாக வருகிறது. உயரமான முட்கள் அச்சிலேயே முறிந்து தங்கிவிடுகின்றன.

இப்போது படம் கையில் இருக்கிறது. என்ன பார்ப்பது?

பெரும் பிரிவு இரண்டு. வழுவழுப்பான மெத்தை ஒன்று. நுண்ணிய மொட்டுகள் அல்லது கூம்புகள் அடர்ந்த மெத்தை மற்றொன்று. இவை தவிர வரிமேடுகள், தேன்கூட்டுக் கட்டங்கள் மாதிரியானவை என்று இன்னும் பல இருக்கின்றன. புஷரும் அவருடைய குழுவினரும் 2018-ல் 56 இனங்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒன்பது வகைகளைப் பிரித்தார்கள். அதில் மொட்டு வகையை மட்டும் அளவு விகிதத்தை வைத்து மேலும் மூன்றாக்கினார்கள். மொட்டு மெத்தை என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். உயரத்தை விட்டத்தால் வகுத்து எழுதுங்கள். ஒரு மெத்தையில் குறைந்தது இருபது மொட்டுகளையாவது அளந்து, சராசரியோடு சிறியதையும் பெரியதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தையின் நடுவும் ஓரமும் ஒரே மாதிரி இருக்காது. எங்கே அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சுருக்கமா, உண்மையான வரிமேடா என்று குழம்பினால், அதே பாதத்தின் அடுத்த கணுவையும், எதிர்ப்பக்கத்துக் காலையும், இன்னொரு பூச்சியையும் பாருங்கள். உண்மையான மேடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரும். சுருக்கம் இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் மெத்தை குழிந்த இடத்தை நோக்கிக் கூடும். எதிர்மாறான ஏமாற்றமும் உண்டு. மெத்தையில் ஊறும் திரவத்தோடு தூசி சேர்ந்து படிந்துவிட்டால் மொட்டுகள் எல்லாம் மூடி, வழுவழுப்பு மாதிரியே தெரியும். எங்காவது ஒரு விரிசலில் அடியிலிருக்கும் மொட்டு எட்டிப் பார்க்கிறதா என்று தேடாமல் 'வழுவழுப்பு' என்று எழுதாதீர்கள்.

சரி, இதை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிடலாமா? கையில் அழகான படம் வந்தவுடன் எல்லோருக்கும் வரும் ஆசை இது. எனக்கும் வந்தது. மூன்று பூச்சிகளை வைத்துச் சொல்கிறேன். காராசியஸ் மோரோசஸுக்கு மொட்டு மெத்தை. மெடாராய்டியா எக்ஸ்ட்ராடென்டாட்டாவுக்கு வழுவழுப்பு. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சுங்காயா இனெக்ஸ்பெக்டாட்டாவுக்கு மறுபடியும் மொட்டு. மெத்தையை மட்டும் பார்த்தால் காராசியஸும் சுங்காயாவும் உறவு, மெடாராய்டியா அந்நியம். ஆனால் காராசியஸ் லான்கோடிடே குடும்பம், சுங்காயா ஹெட்டராப்டெரிஜிடே. ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

56 இனங்களின் படங்களையும் மரபணு வைத்துக் கட்டிய வம்ச மரத்தில் பொருத்திப் பார்த்தபோது தெரிந்ததும் இதுதான்: மெத்தையின் அமைப்பு உறவைவிட, பூச்சி எங்கே எப்படி வாழ்கிறது என்பதோடுதான் ஒத்துப்போகிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வழுவழுப்பான மெத்தை வழுவழுப்பான பரப்பில் முழுசாகப் படியும், அங்கே அதற்கு ஈடில்லை. பொடிப்பொடியாகச் சொரசொரப்பான பரப்பில் அது மேடுகளின் தலையை மட்டுமே தொடும். தனித்தனி மொட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த பள்ளத்திலோ மேட்டிலோ ஊன்றிக்கொள்ளும், எடை கூடக்கூட இன்னும் நன்றாகப் பிடிக்கும். இலை மாறி, மரம் மாறி, தரைக்கு இறங்கினால் பாதமும் மாறத்தான் வேண்டும்.

அந்த மாற்றம் அப்படி ஒன்றும் கஷ்டமானதும் இல்லை. கணித அறிஞர் ஆலன் டூரிங் 1952-ல் ஒரு கணக்குப் போட்டார்: பரவும் வேகம் வேறுபட்ட இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வந்தால் புள்ளிகளும் வரிகளும் தாமாகவே உருவாகும் என்று. மெத்தைகளின் புள்ளி, வரி, கட்டம் எல்லாமே இந்த ஒரே கணக்கில், எண்களைக் கொஞ்சம் அசைத்தால் கிடைக்கின்றன என்று அதே 2018-ல் இன்னொரு கட்டுரை காட்டியது. மொட்டிலிருந்து வரிக்குப் போக புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். இவ்வளவு லேசாக மாறக்கூடிய ஒன்றைக் குடும்ப அடையாளமாக வைத்தால் சாயம் வெளுத்துவிடும்.

காலை நம்பி ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. டிபியாவின் நுனியில் அடிப்பக்கம் சின்ன முக்கோணப் பள்ளம் ஒன்று சிலவற்றுக்கு இருக்கும். ஏரியா அபிகாலிஸ் என்று பெயர். அது இருப்பவை ஒரு கட்சி, இல்லாதவை இன்னொரு கட்சி என்று குச்சிப்பூச்சிகள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்த காலம் உண்டு. இன்று அந்தப் பிரிவினை உறவைக் காட்டுவதாக ஏற்கப்படுவதில்லை. இனத்தைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வி-பதில் பட்டியல்களைச் சாவிகள் என்போம்; பழைய சாவிகள் அந்தப் பள்ளத்தில்தான் தொடங்கும். பிரிவைக் கண்டுபிடிக்க அது இன்றும் உதவும் என்பதால் நானும் பார்க்கிறேன். உறவைச் சொல்ல அதைக் கூப்பிடுவதில்லை.

அப்படியானால் நான் வேலை செய்யும் வரிசை இது. கணுக்களின் எண்ணிக்கை முதலில், ஆறு காலிலும். மூன்று என்றால் டைமிமா, அங்கேயே முடிந்தது. ஐந்து என்றால் முக்கோணப் பள்ளம், நகம், உணர்கொம்பு முன்தொடையைவிட நீளமா குட்டையா, வயிற்றின் நுனி என்று போகலாம். முட்டை கிடைத்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டையைப் பாருங்கள். அதன் மூடி, மூடிமேல் குமிழ் இருக்கிறதா, பக்கவாட்டில், விந்து நுழையும் நுண்துளையான மைக்ரோபைலைச் சுற்றியுள்ள தகட்டின் வடிவம்: பெரியவை ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களைக்கூட முட்டை பிரித்துக் காட்டிவிடும். பேரினம் வரைக்கும் இப்படி வந்தபின்தான் பாதத்தின் மெத்தையை எடுப்பேன்.

அங்கேதான் அது தன் வேலையைக் காட்டும். ஒரே பேரினத்தில் இரண்டு மூன்று இனங்கள், நிறமும் உருவமும் குழப்பும்போது, மொட்டின் உயர விகிதமும் நெருக்கமும் தெளிவாக விலகி நின்றால் அது நல்ல துணைச் சான்று. நெருங்கிய உறவினர்களில் ஒன்றுக்கு மட்டும் மெத்தை வேறுபட்டிருந்தால் எனக்கு உடனே வரும் சந்தேகம் இடத்தைப் பற்றியது: இது வேறு செடிக்கோ தரைக்கோ மாறியிருக்கிறதா? பிடித்த இடத்தைக் குறித்து வைத்திருந்தால் பதில் அங்கேயே இருக்கும். எந்த உயரத்தில், எந்தச் செடியில், பட்டையிலா இலையிலா, இலை மெழுகு பூசினதா ரோமம் உள்ளதா என்று பிடித்த அன்றே எழுதிவிடுங்கள். அருங்காட்சியகத்து ஊசியில் நிற்கும் பூச்சியில் பெரும்பாலும் இல்லாமல் போவது இந்தத் தகவல்தான்.

வயதையும் கவனியுங்கள். முதிர்ந்த பூச்சி மறுபடி தோலுரிக்காது, மெத்தை தேய்ந்தால் தேய்ந்ததுதான். பழுப்பு வடுக்களும் கீறல்களும் நிறைந்த கிழட்டுப் பாதத்தை அளப்பதைவிட, கடைசித் தோலுரித்து ஒன்றிரண்டு வாரமானதைத் தேர்ந்தெடுங்கள். குஞ்சுகளை அளந்தால் தனியாக வையுங்கள், பெரியவற்றோடு கலக்க வேண்டாம்.

என் குறிப்பேட்டில் ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டி முடிக்கிறேன். "காராசியஸ் மோரோசஸ், பெண், கடைசித் தோலுரித்து பத்தாம் நாள். இடது நடுக்கால். ஆறு காலிலும் ஐந்து கணு, மறுகால் இல்லை. முக்கோணப் பள்ளம் இல்லை. நகம் எளிய கொக்கி. அரோலியம் வழுவழுப்பு. யூப்ளான்டுலா மொட்டு வகை. மூன்றாம் கணு, மெத்தை நடுவில் இருபது மொட்டுகள் அளந்தது, மேடை சாய்த்து. கிரிட்டிகல் பாயின்டில் உலர்த்தியது. முட்டை சேர்த்து வைத்திருக்கிறது." இதில் 'மறுகால் இல்லை' என்ற இரண்டு சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் கண் தானாக அந்தக் குப்பிப் பக்கம் போகும்.